வாசலை விட்டுப் போன பீப்

ஜிப் தொழிற்சாலையின் வாசலில் நின்ற இரும்புச் சட்டத்திலிருந்து பீப் என்ற சத்தம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கழன்று, ரன்னர் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வாரம் தக்காளி விலையும் ஏறியிருந்ததால் ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியது. தக்காளி அடுத்த வாரமே இறங்கிவிட்டது. பீப் இறங்கவில்லை.

அதற்கு முன்னால் பீப் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் நல்ல பெயர் இருந்தது. அது ஆங்கிலச் சொல் என்பதே பலருக்குத் தெரியாது. கதவு கிரீச் என்பது போல, கோழி கொக்கொக் என்பது போல, அதுவும் தானாக விளைந்தது என்றே நினைத்திருந்தோம். பெரிய கடையில் சோப்பைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டினால் பீப்; அதன் பிறகு அந்தச் சோப்பு உங்களுடையது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி பீப், பீப் என்று விட்டுவிட்டு அடித்தால் ஆள் இருக்கிறார், உறவுக்காரர்கள் டீ குடிக்கப் போகலாம். ஒரே பீப்பாக இழுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவர வேண்டும். லாரி பின்பக்கமாக வரும்போது பீப் என்றால் ஒதுங்கு. போனில் ஒரு பெண் பீப் சத்தத்துக்குப் பிறகு பேசுங்கள் என்பாள்; எங்கள் ஆட்கள் பீப்புக்கு முன்பே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டு, பீப் வந்ததும் “சரி, வச்சிடட்டுமா?” என்பார்கள். தொலைக்காட்சியில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அதன் மேல் ஒரு பீப்பைப் போட்டு மூடுவார்கள். மூடிய இடத்தில் என்ன வார்த்தை இருந்திருக்கும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து யோசித்ததில் குழந்தைகளின் சொல்வளம் பெருகியது. ஆக, கிடைத்தது, இருக்கிறது, ஒதுங்கு, பேசு, மூடு என்று இத்தனை வேலையையும் ஒரே சொல் பார்த்தது. ஆனால் ஒரு மனிதரையும் அது தலைகுனிய வைத்ததில்லை. அந்த வேலையை அதற்குக் கொடுத்தது ஜிப் கம்பெனிதான்.

ரன்னர் என்பது ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிற சின்னப் பித்தளைத் துண்டு. தினமும் நம் மானத்தைக் காப்பாற்றுவது அது. கூட்டத்துக்கு நடுவில் காலை வாரிவிடுவதும் அதுவே. பல் பதித்த நாடா உருளையில் வந்துகொண்டே இருக்கும். ரன்னர் பிரிவுப் பெண் இடது கையால் நாடாவின் இரண்டு ஓரங்களையும் பிரித்துப் பிடித்து, வலது கையால் ரன்னரைக் கோத்து இழுத்துவிட வேண்டும். பெட்டியிலிருந்து அடுத்த ரன்னரை எடுக்க மூன்றாவது கை வேண்டும். ஆரம்பத்தில் வேகம் குறைவாக இருந்ததால் வலது கையே அந்த வேலையையும் பார்த்தது. உருளையின் வேகத்தை ஏற்றிய பிறகு சூப்பர்வைசர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். “ஒரு கைப்பிடி அள்ளிக் கன்னத்துல ஒதுக்கிக்குங்க. நாக்கால ஒண்ணொண்ணா முன்னாடி தள்ளுங்க. வாய் சும்மாதானே இருக்கு?” என்றார். அவர் தலைக்கு மேலேயே ‘வாயில் எதையும் வைக்கக் கூடாது’ என்ற பலகையும் தொங்கியது. இரண்டு உத்தரவும் ஒரே சமயத்தில் அமலில் இருந்தன. சோதனைக்கு வந்த அதிகாரிகள், ரன்னர் பிரிவு மாதிரி வாயைத் திறக்காமல் வேலை பார்க்கும் பெண்களை எங்கும் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

தும்மல் வந்தாலோ, சிரிப்பு வந்தாலோ, சூப்பர்வைசர் பின்னால் வந்து திடீரென்று கத்தினாலோ ஒரு ரன்னர் தொண்டைக்குள் இறங்கிவிடும். “அக்கா, ஒண்ணு போச்சு” என்று பக்கத்துப் பெண்ணிடம் விரலைக் காட்டுவார்கள். அவள் ஒரு வாழைப்பழத்தை நீட்டுவாள். பிரிவில் எப்போதும் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்ததற்கு இதுதான் காரணம். கம்பெனி அதை ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டது. உள்ளே போன ரன்னர் வெளியே வந்ததா என்று யாரும் தேடியதில்லை. நாளடைவில் பெண்களின் பேச்சில் லேசாகப் பித்தளை வாடை அடித்தது, அவ்வளவுதான்.

இருப்பில் ரன்னர் குறைந்தது. கம்பெனி யோசித்தது, யோசித்து, பெண்கள் திருடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தது. ஜிப் இல்லாத ரன்னரை யார் எதற்குத் திருடுவார்கள் என்று கேட்கலாம். கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. மூடிக்கிடந்த ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்து பழைய இரும்புச் சட்டம் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. வேலை முடிந்து அதற்குள் நடந்து வெளியே போகிறவரிடம் உலோகம் இருந்தால் பீப் என்று சொல்லும். பீப் வந்தால் வாசல் காவலாளி நிறுத்துவார். திரைக்குப் பின்னால் ஒரு பெண் உடம்பைத் தடவிப் பார்ப்பாள். அவளுக்குத் தடவலக்கா என்று பெயர். ஒன்றும் கிடைக்காவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுவார்கள். மூன்று தடவை பீப் வந்துவிட்டால் மட்டும், அந்தச் சனிக்கிழமை டீ இடைவேளையில் எல்லார் முன்னாலும் நின்று, நான் ஒரு திருடி, இனி எடுக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது, சம்பளத்தில் கை வைக்கமாட்டார்கள், வேலையும் போகாது. மேனேஜர் இதைத் தன் பெருந்தன்மை என்று நம்பினார், அதை நினைத்து அவருக்கே சில நேரம் கண் கலங்கும்.

பெண்கள் எடுக்கவில்லை. ஆனாலும் சொன்னார்கள். விழுங்கினோம் என்று உண்மையைச் சொன்னால் வாயில் வைப்பது நிற்கும். வாயில் வைப்பது நின்றால் உருளையின் வேகத்துக்குக் கை ஓடாது. கை ஓடாதவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. விழுங்கியவளைவிடத் திருடியவளுக்கு அங்கே பாதுகாப்பு அதிகமாக இருந்தது. முதலில் சொன்னவள் பெரியக்கா. பிரிவிலேயே மூத்தவள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு டீயைக் கையில் வாங்கினாள். “அவங்களுக்கு ஒரு வார்த்தை வேணும், நமக்கு வேலை வேணும். குடுத்துட்டுப் போவோம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொரு சனிக்கிழமையாகக் கொடுத்தார்கள். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. கடைக்காரர் அவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பெரியக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒன்றுமே சொல்லாமல் மாடி அறைக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்து மாட்டினார். “அதுவா, அது பீப் கேசு” என்று ஊர் பேசப் பழகிக்கொண்டது. நாங்களும்தான் பேசினோம், எங்களுக்குப் புதிதாக ஒரு சொல் கிடைத்தால் பழைய செருப்பை வெளியே போட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டு நடப்போம்.

அழுத்தக்காரி என்று ஒருத்தி அந்தப் பிரிவில் இருந்தாள். கன்னத்தில் ரன்னர் இல்லாத நேரத்திலும் அதிகம் பேசாததால் வந்த பெயர். வாசலில் தொப்பி போட்டு நின்ற காவலாளிதான் அவள் புருஷன். நல்ல மனிதர், எறும்பு குறுக்கே வந்தால் அதற்கும் வழிவிட்டு நிற்பவர். சட்டம் வந்த நாளிலிருந்து அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். வாசலில் எல்லாப் பெண்களையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை தன் பெண்டாட்டி சட்டத்துக்குள் நுழைந்து பீப் வந்ததும் வாய்ப்பழக்கத்தில் அப்படியே வந்துவிட்டது.

“கொஞ்சம் நில்லும்மா.”

“யாரு, நானா?”

“பீப் வந்துச்சே.”

“வரட்டும். காலையில அந்தச் சட்டைக்குப் பொத்தான் தச்சுக் குடுத்தது யாருன்னு கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.”

“அது வேற, இது வேற. ரூல்னு ஒண்ணு இருக்குல்ல? நான் என்ன பண்ண?”

அன்று திரைக்குப் பின்னால் போனாள். தடவலக்கா, எனக்கே கூசுதும்மா, எனக்கே கூசுதும்மா என்று சொல்லிக்கொண்டே தடவினாள். மூன்று ஊக்கும் வீட்டுச் சாவியும் கிடைத்தன. அதே சாவியின் ஜோடி வாசலில் நின்றவர் பையில் இருந்தது. புதன்கிழமையும் அதே பீப், அதே திரை, அதே ஊக்குகள். வீட்டுக்கு வந்து சாப்பாடு போடும்போது அவள் அவர் தட்டில் மட்டும் ஒரு கரண்டி குறைத்துப் போட்டாள். அவர் அதைக் கவனித்தார். கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டே, “நாளைக்கும் வந்துச்சுன்னா சனிக்கிழமை சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே? பெரியக்காவே சொன்னாங்க” என்றார்.

“பெரியக்கா வாய், பெரியக்காவோடது.”

“எல்லாரும் சொல்றதுதான். யாரு நம்பப் போறா?”

“நாலு தடவ கேட்டா நானே நம்பிடுவேன். அதுதான் பயம்” என்றாள் அழுத்தக்காரி. அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

வியாழக்கிழமை மூன்றாவது பீப் வந்தது. காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். கொடியில் தொங்கும் ஈரப் புடவையைத் தூக்கிவிட்டுக் குனிந்து போவது போல அவள் அந்தக் கையைத் தூக்கிவிட்டு அடியில் புகுந்து தெருவில் இறங்கினாள். பீப்பும் கூடவே இறங்கியது. விட்டுவிட்டு, நிதானமாக, அவள் நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் எங்கிருந்தோ அடித்தது. தெருவில் போன இரண்டு சைக்கிள்காரர்கள் லாரி பின்பக்கமாக வருகிறது என்று ஒதுங்கி நின்று, வந்தது ஒரு பெண் என்றதும் சைக்கிளிலிருந்தே இறங்கிவிட்டார்கள். வாசலில் சட்டம் ஊமையாகிவிட்டது. மறுநாள் எலக்ட்ரீஷியன் அதற்குள் சுத்தியலைக் கொண்டுபோனார், ஸ்பேனரைக் கொண்டுபோனார், கடைசியில் காவலாளியின் சைக்கிளையே உருட்டிக்கொண்டுபோனார். மின்சாரம் வருகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, சத்தம் மட்டும் வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே இரண்டு சத்தம் இருக்கிறது, ஒன்று இதயம், அது நன்றாக இருக்கிறது, மற்றது தன் துறை இல்லை என்றார். வீட்டில் மாமியாருக்குப் பல வருடமாகக் காது மந்தம். மகன் கத்தினாலும் மழை வருதா என்று கேட்பவர். பீப் மட்டும் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. “கடைசியில இந்த வீட்ல ஒருத்தராவது தெளிவாப் பேசுறாங்க” என்று மருமகள் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டார். அவள் தண்ணீர் எடுக்கப் போனாலும் எந்தப் பக்கம் போகிறாள், எப்போது திரும்புகிறாள் என்று சுவரைப் பார்த்தபடியே சொல்லிவிடுவார்.

சனிக்கிழமை டீக் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். மேனேஜர் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றார். அழுத்தக்காரி எதிரே நின்றாள். பீப் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. டீ ஆற்றுகிறவர் அதற்குத் தாளமாக ஆற்றினார். சொல்லு என்றார் மேனேஜர். மாட்டேன் என்றாள். அப்படியானால் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள் என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “இந்தப் பெண் ஒரு—” என்றதும் நீளமாக ஒரு பீப் வந்து அந்த வார்த்தையை முழுசாக மூடியது. தொலைக்காட்சியில் மூடுவார்களே, அதே மாதிரி, ஒரு எழுத்துகூட வெளியே தெரியாமல். மேனேஜர் திரும்பச் சொன்னார். திரும்ப மூடியது. சத்தமாகச் சொன்னார், மெல்லச் சொன்னார், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சட்டென்று சொன்னார். களவாணி என்று பார்த்தார், ஆங்கிலத்தில் பார்த்தார், கையாடல் என்று ஆபீஸ் மொழியில் சுற்றிவந்து பார்த்தார். பீப்புக்கு எல்லா மொழியும் தெரிந்திருந்தது. கரும்பலகையைக் கொண்டுவரச் சொல்லி எழுதினார். சாக்பீஸ் பீப் என்று கத்தியதே தவிரப் பலகையில் கோடு விழவில்லை. “இது என்ன கூத்து? நான் சொல்ல வர்றது உங்களுக்கெல்லாம் புரியுதில்ல?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “கெட்ட வார்த்தைன்னு மட்டும் புரியுது சார்” என்றாள்.

அப்போதுதான் அழுத்தக்காரி பேசினாள். கத்தவில்லை. “ரன்னரை யாரும் எடுக்கல. விழுங்குறோம். வாயில வச்சுக்கச் சொன்னது சூப்பர்வைசர். உங்க சரக்கு எங்க வயித்துல இருக்கு. வேணும்னா எடுத்துக்குங்க” என்றாள். இந்தப் பேச்சின் மேல் பீப் விழவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் நான் எப்பச் சொன்னேன் என்றார். சொல்லும்போது கன்னத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிக் காட்டிய அவருடைய பழைய பழக்கம் அவரை அறியாமலே வந்து, எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஆனால் பெண்கள் யாரும் கை தட்டவில்லை. முறைத்தார்கள். இத்தனை சனிக்கிழமை அவமானத்தைக் கொடுத்து வாங்கி வைத்திருந்த வேலையை ஒருத்தி ஒரே பேச்சில் கொட்டிவிட்டாளே என்ற கோபம். “ஏண்டி, நீ மானஸ்தி, நாங்கல்லாம் யாரு? திங்கட்கிழமை கை ஓடலன்னா உன் பீப் வந்து எங்க வீட்டுக்கு அரிசி போடுமா?” என்றாள் ஒருத்தி. அழுத்தக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் பீப்பின் வேகம் கூடியது.

பெரியக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஏதோ சோதித்துப் பார்ப்பவள் போல, “அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? நான் ஒரு—” என்றாள். பீப் வந்து மூடியது. மறுபடியும் சொன்னாள், மறுபடியும் மூடியது. புது சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற குழந்தை மாதிரி அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள், சொல்லச் சொல்ல முகம் இளகி, கடைசியில் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். “போயிடுச்சுடி. கேட்கல பாரு. போயிடுச்சு” என்றாள். முறைத்தவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். தானும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டாள். பிறகு அரிசி கேட்டவளும் வந்தாள். டீ இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் வரிசை நின்றது. தாங்கள் கொடுத்த வார்த்தையை ஒவ்வொருத்தியும் திரும்பக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டு அழித்துவிட்டுப் போனாள். தடவலக்கா கடைசியாக வந்து, நான் எதுவும் சொல்லலம்மா, ஆனா என் கை சொல்லியிருக்கு என்று வெறும் கையை நீட்டினாள். அதற்கும் ஒரு சின்ன பீப் கிடைத்தது.

மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தார். கம்பெனி விதிப்படி ஒருவரை வேலையை விட்டு எடுப்பதானால் காரணத்தை வாசலில் வைத்து, நேருக்கு நேர், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் செல்லாது. அவரால் சொல்ல முடியாது. அவருக்கு ஒரு யோசனை வந்தது. பீப் அவளுடையது, அவளோடு குடியிருக்கிறது, ஒரே வீட்டுக்குள் புருஷன் பேச்சை அது மறிக்காது. எந்த வீட்டிலும் புருஷன் பேச்சு மறிபடாமல் இருப்பதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை, அவர் கல்யாணம் ஆகாதவர். ஆனாலும் அவர் கணக்கு ஒரு விதத்தில் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வாசலில் ரன்னர் பிரிவு மொத்தமும் நின்றது. மேனேஜர் சட்டத்துக்கு உள்பக்கம் நின்றார், அழுத்தக்காரி வெளிப்பக்கம், காவலாளி நடுவில். “காரணத்தைச் சொல்லி அவளை அனுப்பு. இல்லேன்னா தொப்பியைக் கழட்டி வச்சிட்டு நீயும் கூடவே போ” என்றார் மேனேஜர். காவலாளி தொப்பியைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் சரிசெய்தார். வீட்டில் காது கேட்காத அம்மா, இரண்டு சம்பளத்தில் ஓடுகிற குடும்பம், இனி ஒன்றும் இல்லாமல் போகலாம். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அப்போது வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒரு நொடிகூட நிற்காத பீப் நின்றது.

கூட்டத்துக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு பெரியக்கா அடக்க முடியாமல், அய்யோ என்றாள். மூட எதுவும் இல்லை. இப்போது அவர் சொன்னால் அந்த வார்த்தை எல்லார் காதிலும் விழும்; கட்டிய புருஷன் வாயிலிருந்து வந்தது என்று ஊர் காலத்துக்கும் வைத்திருக்கும். மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. “சொல்லு, சொல்லு” என்றார், ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையிடம் சொல்வது போல. அழுத்தக்காரி தலையைக் குனியவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, எதுவானாலும் நின்று கேட்கிறேன் என்பது போல நின்றாள்.

காவலாளி வாயைத் திறந்தார். எச்சிலை விழுங்கிவிட்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி, அவரே சொன்னார்:

“பீப்.”

“என்னய்யா?”

“பீப், சார். நீங்க சொல்லச் சொன்ன வார்த்தைதான். என் வாயில இப்படித்தான் வருது.” பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, “உள்ள போம்மா, நேரமாகுது” என்று வழிவிட்டார்.

அவள் அசையவில்லை. “பீப்னு கத்தத் தெரியுதுல்ல? அத செவ்வாய்க்கிழமையே கத்தியிருந்தா என்னவாம்?” என்றாள். குரல் உடைந்துவிட்டதால் அது திட்டு மாதிரி இல்லை. அவளுக்குப் பின்னால் ஒருத்தி, “பீப் சார்” என்றாள். அடுத்தவளும் சொன்னாள். மொத்தப் பிரிவும் ஒருவர் பின் ஒருவராக மேனேஜர் முகத்துக்கு நேராக அதைச் சொல்லிக்கொண்டே சட்டத்துக்குள் நுழைந்து போனது; பித்தளை வாடை அடித்த அத்தனை வாயும் அன்று ரன்னரை ஒதுக்க மறுத்து வெறுமையாகவே இருந்தது. எல்லாரும் போன பிறகு அழுத்தக்காரியும் போனாள். உள்ளே நாலடி வைத்ததும் அவளுடைய பீப் திரும்ப ஆரம்பித்தது, முன்பைவிடக் கொஞ்சம் சாவகாசமாக.

காவலாளியை வேலையை விட்டு எடுத்தார்கள். காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் பீப் வந்ததால் அது செல்லாது என்று ஆகி, மாலையே தொப்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள். உருளையை யாரும் நிறுத்தவில்லை, அதன் வேகத்துக்குக் கை ஓடாததால் ரன்னர் கோக்காத நாடாக்கள் தரையில் குவிந்து முழங்கால் வரை வந்தன. நிர்வாகம் குவியலைப் பார்த்தது, வாய்களைப் பார்த்தது, கடைசியில் உருளையின் வேகத்தைக் குறைத்தது. ரன்னர்களை வரிசையாகக் கோத்துவைக்க ஆளுக்கொரு வளைந்த கம்பியும் மேஜையில் பொருத்திக் கொடுத்தது. கம்பி தன்னுடைய யோசனை என்று மேனேஜர் மேலிடத்துக்குத் தெரிவித்தார். அதற்காக அவருக்கு இடமாற்றத்துடன் உயர்வு கிடைத்தது. அடுத்து வந்த மேனேஜரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது கூரை ஒழுகும் இடத்தைக் காட்டிய கையோடு பீப் விஷயத்தையும் சொன்னார்கள். அவர் கூரையைப் பற்றி மட்டும்தான் மேற்கொண்டு கேட்டார். சட்டம் அப்படியே நிற்கிறது. மழை நாளில் அதன் மேல் குடைகளை விரித்து மாட்டுவார்கள், அகலம் தோதாக இருக்கிறது.

அதன் பிறகு எங்கள் ஊரில் அந்தச் சொல்லின் உபயோகம் மாறிவிட்டது. ஆதாரம் இல்லாமல் யாராவது யாரையாவது ஒன்று சொன்னால் கேட்கிறவர் பீப் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். கடைக்காரர் ஒரு பையனின் பையைத் திறந்து காட்டச் சொன்னபோது வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒன்றாகச் சொன்னதில், அவர் தன் கல்லாவையே திறந்து காட்டும் நிலைமை வந்தது. பெரியக்கா வீட்டுச் சொந்தக்காரர் மாடிப் பூட்டைக் கழற்றிவிட்டார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, பார்க்கிற இடத்தில் எல்லாம் பெரியக்கா மெதுவாக அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனாள், அவ்வளவுதான். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் இந்த உபயோகம் அகராதியில் இல்லை என்று வகுப்பில் எச்சரித்தார். பிள்ளைகள் அவருக்கும் பீப் சொன்னார்கள்.

வருடங்கள் போயின. அழுத்தக்காரிக்கு முடி நரைத்தது, காவலாளிக்கு அது கொட்டிப்போனது, வேலையிலிருந்து இருவரும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றார்கள். சாப்பாட்டில் அவருக்கு இப்போதெல்லாம் ஒரு கரண்டி அதிகம்; டாக்டர் வேண்டாம் என்கிறார், அவள் கேட்பதில்லை. போன மாதம் அடுத்த வீட்டு மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. மத்தியானம் சாமான்களை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர், எங்கிருந்தோ விட்டுவிட்டு ஒரு சத்தம் வருகிறதே, ஏதாவது மெஷினை அணைக்க மறந்துவிட்டார்களா என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டார். கீழ்வீட்டுக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“அதுவா? பக்கத்து வீட்டம்மா. துணி காயப் போடுறாங்க” என்றார்.

வந்தவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டார்.